கூப்பாட்டுக் கல்

கேகாலையிலிருந்து வரும் பஸ்ஸில் ரப்பர்ப் பால் புளித்த வாடை அடித்தால், புளத்கொகுபிட்டிய நெருங்கிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். போன மாதம் அப்படிக் கண்ணைத் திறந்தபோது, எங்கள் தோட்டத்து முடக்கில் புதிதாய் ஒரு பலகை. ‘தேசிய மரபுரிமை’ என்று மூன்று மொழியிலும் எழுதி, எங்கள் கூப்பாட்டுக் கல்லின், அந்தப் பெரிய எதிரொலிப் பாறையின், படம் போட்டிருந்தார்கள். கல்லுக்கு அரசாங்க உத்தியோகமே கிடைத்துவிட்டது! வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்தக் கல்லுக்குள் ஒரு ராணி புதையலைக் காத்து நிற்கிறாள், யார் கூப்பிட்டாலும் அதையே திருப்பிச் சொல்லி வழியைக் குழப்பிவிடுவாள் என்பது கீழேயுள்ள சிங்களக் கிராமத்துக் கதை. பலகையில் இருப்பதும் அதுதான். புதையலெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று தோட்டத்து லய வீடுகளில் இருந்த நாங்கள் அதை விட்டுவிட்டோம். எங்களுக்கு வேறு பழக்கம் இருந்தது. குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், கப்பலேறிப் போனவர்களின் பெயரைச் சொல்லி அங்கே நின்று கூப்பிடுவோம். எதிரொலி வந்தால், அவர்கள் சுகமாயிருக்கிறார்கள் என்று அர்த்தம். கல் யாரையும் ஏமாற்றி அனுப்பியதில்லை.

என் அக்கா செல்லம்மா, புருஷன் வீட்டாரோடு கூடலூர்ப் பக்கம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் கல்லடிக்குக் கூட்டிப்போவாள். ரப்பர்ப் பால்வாளி வாடை போகாத கையால் முதுகில் தட்டி, “நல்லா வாயத் தொறந்து கூப்புடு” என்பாள். கூப்பிடுவேன். கல்லும் சொல்லும்.

“ஏம்மா, அக்கா எங்கொரல்லயே பேசுது?”

“கூடப் பொறந்தவதானே. கொரலும் ஒண்ணுதான்.”

பிறகு பள்ளிக்கூடத்தில் எதிரொலிப் பாடம் வந்தபோது இதை எழுந்து நின்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

அம்மா கண்ணை மூடி வெகுகாலமாகிறது. லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பராவில் இப்போது யாரோ இருக்கிறார்கள். அக்கா செத்துப்போனதாகக் கூடலூரிலிருந்து போன் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றுதான் தோன்றியது. அதற்காகத்தான் பஸ்ஸேறி வந்தேன்.

கல்லைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். ஓரமாய் நின்று வாயைத் திறந்தேன். “அக்…” என்பதற்குள் காவலாளி ஓடிவந்தார்.

“அம்மே, சத்த கரன்ன எபா!”

சத்தம் போடக்கூடாதாம். மேலே குளவிக்கூடு இருக்கிறது, கலைந்தால் பார்க்க வந்தவர்களுக்கு ஆபத்து. மரியாதையாகத்தான் சொன்னார். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். அக்காவை என்றேன். கூட்டத்தில் தொலைந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார் போலும். பாவம், கையைப் புருவத்தில் வைத்து எட்டி எட்டித் தேடினார்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், மெல்ல “செல்லம்மாக்கா” என்றேன். ஒன்றும் வரவில்லை. மெல்லச் சொன்னால் கல்லுக்குக் கேட்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அக்கா இல்லையென்று அப்போதுதான் நம்பினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சத்தம் போடாமல்.