கம்பளிச் செருப்புக் கூடை

கிழக்கு ஜெர்மனியில், போட்ஸ்டாம் கோடை அரண்மனை வாசலில் வால்ட்ராட் உட்கார்ந்திருந்தால், எப்பேர்ப்பட்ட கொம்பனும் குனிந்தே ஆக வேண்டும். பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய கம்பளிச் செருப்பு இல்லாமல் ஒரு கால் உள்ளே போகாது. பூவும் கொடியுமாக இழைத்த ராஜா காலத்து மரத்தரை. போர் முடிந்த வருஷம் முழங்கால் போட்டு அதைத் துடைத்து மீட்ட பெண்களில் அவளும் ஒருத்தி. ‘செருப்பு மகாராணி’ என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே! ராஜா போய்விட்டார், தரை என்னுடையது என்பாள்.

அவளுக்கு அடங்காத கால்கள் நிர்வாகி கூனெர்ட்டுடையவை மட்டும்தான். தினமும் சொந்த பூட்ஸோடு டக் டக்கென்று நடப்பார். ஒரு ஜூன் மாதம் கட்சிப் பெரியவர் ஒருவர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் செருப்பை நீட்டினால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று கூனெர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாசலை விட்டால் வால்ட்ராடுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பெரியவரின் பூட்ஸில் இரும்பு லாடம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு மனசு கேட்குமா? கூடையில் இருந்ததிலேயே பெரிய ஜோடியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“கால நீட்டுங்க தோழர். இதெல்லாம் மக்கள் சொத்துன்னு நீங்கதான மேடையில பேசுறீங்க.”

கூனெர்ட்டுக்குப் பேயறைந்த முகம். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். இரண்டு அறை தாண்டியதும் சறுக்கிச் சறுக்கிப் போவதில் மனுஷனுக்கு ருசி தட்டிவிட்டது. அந்தக் குஷியில் கழற்ற மறந்து, அப்படியே தோட்டத்துக்கு இறங்கி, நீரூற்று முன்னால் போட்டோவுக்கும் நின்றார். வால்ட்ராட் பாவாடையைத் தூக்கிக்கொண்டு திராட்சைக் கொடி படர்ந்த தோட்டப் படிகளில் ஓடிப்போய், மணல் ஒட்டினால் தரையைக் கீறிவிடும் என்று சத்தம் போட்டுச் செருப்பைக் கழற்றி வாங்கினாள்.

சாயங்காலம் கூனெர்ட் அவளிடமிருந்து வாசல் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, விட்டுப்போன மேலங்கியை எடுக்க வந்தாள். வாசல் பெஞ்சில் கூனெர்ட், கையில் அன்றைய பேப்பர். முதல் பக்கத்தில் கம்பளிச் செருப்போடு பெரியவர். மக்கள் சொத்தைக் காக்கும் தோழர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூனெர்ட் சாவியை நீட்டினார். பிறகு இரண்டு கால்களையும் நீட்டினார்.

வால்ட்ராட் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கூடை அங்க இருக்கு. நீங்களே எடுத்து மாட்டிக்கிங்க.”

கூனெர்ட் குனிந்தார்.