கட்டத்தாளில் ஏறிய கோடு

என் மனைவியின் இடது மார்பை எடுத்த பின், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்குப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போனோம். புற்று திரும்பினால் இரத்தத்தில் ஒரு குறி எண் ஏறுமாம். நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன்; எந்த எண்ணையும் சும்மா விடுகிறவனல்ல. கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு, பதினெட்டு.

நான்காம் முறை போனபோது, போர்க்காலம், வழியில் இரண்டு இராணுவச் சோதனைச் சாவடிகள். பஸ்ஸில் நாற்பத்தொரு பேர். இரண்டிலும் இறக்கப்பட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், அது போதும். இரண்டாவது சாவடியில், தகரத் தட்டிக்குப் பின்னால், ஒரு பெண் சிப்பாய் என் மனைவியின் சட்டைக்குள் இருந்த பஞ்சுப் பொதியை வெளியே எடுக்க வைத்தாள். இல்லாத மார்புக்குப் பதிலாக அவள் தன் கையால் தைத்தது. அதை அமுக்கிப் பார்த்தார்களாம். ஒரு பொதிக்கு எத்தனை சிப்பாய்கள்? மூன்று.

"இனி டவுன்பக்கம் வரமாட்டன். செத்தாலும் வீட்டில சாகிறன்" என்றாள்.

அதனால் அடுத்த முறை, வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் வேறொரு பரிசோதனை நிலையத்தைப் பிடித்தேன். வந்த எண் இருபத்தாறு. முப்பதுக்குள் இருந்தால் பயமில்லை என்று சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் என் கோடு ஏறியிருந்தது. அவள் அலுமாரியைத் திறந்து சேலைகளைத் தங்கைமாருக்குப் பிரித்து வைத்தாள். பதினாறு நாள் அப்படிப் போனது.

பதினேழாம் நாள் தாளோடு, அவளைப் பார்க்கும் டாக்டரிடம் தனியே போனேன். அக்குறணை ஊர்க்காரர், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சு.

"இது எங்க எடுத்த?"

"வேற இடத்தில."

"அதான் ஐயா! ஒவ்வொரு எடத்திலயும் மெஷின் வேற, முறை வேற. அந்தக் கோட்டுல இந்த எண்ணப் போட ஏலாது. பழைய எடத்திலயே திருப்பி எடுங்க."

"இதை முதல் நாளே சொல்ல வாய் வரேல்லையோ?"

"நீங்க கோடு கீறிக்கிட்டு இருப்பீங்கன்னு நான் கண்டேனா?"

சிரித்தார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஒரு வரி சொல்லியிருந்தால் பதினாறு நாள் மிஞ்சியிருக்கும். கேட்காமல் இடம் மாற்றிய எனக்கும் அறிவில்லை.

பழைய இடம் என்றால் பழைய சாவடிகள். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எழும்புங்கோ, போவம்" என்றாள்.

இரண்டாவது சாவடியில் இறங்கியபோது அவள் சட்டையின் இடப்பக்கம் தட்டையாக இருந்தது. பொதியைக் கையில், எல்லோரும் பார்க்கப் பிடித்திருந்தாள். பெண் சிப்பாய் கேட்கும் முன்னமே மேசையில் வைத்தாள். அந்தப் பெண் அதைத் தொடவில்லை.

எண் பத்தொன்பது வந்தது. இருபத்தாறை நான் தாளிலிருந்து அழிக்கவில்லை; அந்தப் பதினாறு நாளும் அதில் இருக்கட்டும்.