சுவரைச் சுற்றி வந்த கொத்தனார்

மேலகரத்துப் பலவேசம் கொத்தனார் தன் கடைசிப் பன்னிரண்டு வருஷமும் கல்சுவரைத் தனியாளாகத்தான் கட்டினார். இந்தப் பக்கம் நாலு கல் வைப்பார். கரண்டியோடு சுவரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நாலு கல் வைப்பார். மறுபடியும் சுற்றி இந்தப் பக்கம் வருவார். ஒரு மாத வேலை இரண்டு மாதம் இழுக்கும். தென்காசிச் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, 'பிரதட்சிணக் கொத்தனார்' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் காரணம் தெரியாது. அதற்குக் காரணமான ஒருவன் சிரிக்கவில்லை, அந்தத் தெருப் பக்கமே அவன் வருவதில்லை.

அவன் பெயர் குத்தாலிங்கம். இலஞ்சிக்காரன். அவனுக்கு மரியாதை விகுதி போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

கல்சுவர் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு சுவர் அல்ல. முன்பக்கம் ஒரு கொத்தனார் முகம் பார்த்து அடுக்கும் கல் ஒரு வரிசை, பின்பக்கம் அவருடைய ஜோடி அடுக்கும் கல் ஒரு வரிசை. நடுவில் சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்புவார்கள். அப்படியே விட்டால் கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் அங்கங்கே ஒரு நீளக்கல். அதன் ஒரு தலை முன்பக்கம் தெரியும், மறுதலை பின்பக்கம் தெரியும். மெத்தையில் குத்துத் தையல் போடுகிறோமே, அதே வேலைதான். தையல் இல்லாத மெத்தையில் பஞ்சு ஒருபக்கம் திரளும். நீளக்கல் இல்லாத சுவர் ஒருபக்கம் வயிறு தள்ளும். வயிறு தள்ளிய சுவர் விழும்.

செங்கோட்டைப் பாதையில் ஒரு பாலம் கட்டும்போது ஜோடி சேர்ந்த பலவேசமும் குத்தாலிங்கமும் பதினேழு வருஷம் பிரியவில்லை. பலவேசம் எப்போதும் முகப்புப் பக்கம், குத்தாலிங்கம் முதுகுப் பக்கம். ஜோடிக் கொத்தனார்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜோடி வைத்த கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கக் கூடாது. தட்டினால் சந்தேகப்பட்டதாக அர்த்தம். அதன் பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரே சட்டிச் சாந்தில் கை வைப்பது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் குற்றாலத்தில் ஒரு ஜமீனுக்குச் சீசன் பங்களா கட்டுவதாக ஏற்பாடு. மலைச்சரிவை வெட்டித்தான் இடம் எடுக்க வேண்டும். வெட்டிய மண் சரியாமல் இருக்க முதலில் ஒரு தாங்குசுவர். அது நன்றாக நின்றால் பங்களா வேலை முழுவதும் உனக்குத்தான் என்று ஓவர்சியர் பலவேசத்திடம் சொல்லியிருந்தார். இரண்டு வருஷ வேலை. அதைவிட, குற்றாலத்துக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் பார்த்து, யார் கட்டியது என்று கேட்கப்போகிற வேலை. பலவேசத்துக்கு அந்த ஆசை ரொம்பவே இருந்தது. தன் பேர் சொல்ல ஒரு கட்டடம் இருக்க வேண்டும் என்று மனைவி உலகம்மாளிடம் பலதடவை சொல்லியிருந்தார்.

நீளக்கற்கள் குவாரியிலிருந்தே அறுத்து வந்தன. எண்ணிக்கை தப்பாமல் இருக்க ஒவ்வொன்றின் இரண்டு தலையிலும் சிலுவை மாதிரி உளிக்குறி போட்டிருந்தார்கள். ஓவர்சியர் சனிக்கிழமை வந்து, முகப்பில் தெரியும் குறிகளைப் பிரம்பால் தொட்டு எண்ணிவிட்டுப் போவார். முதுகுப் பக்கம் சுவர் எழும்ப எழும்ப மண் போட்டு மூடிவிடுவார்கள் என்பதால் அங்கே எண்ண வழியில்லை, எண்ணும் எண்ணமும் அவருக்கு இல்லை.

சுவர் பாதி உயர்ந்தபோது பலவேசத்துக்கு மலைக்காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் கம்பளிக்குள் கிடந்தார். எழுந்து போய்ப் பார்த்தால் சுவர் இன்னும் மூன்றடி ஏறியிருந்தது, பின்னால் மண்ணும் போட்டாகிவிட்டது. முகப்பில் பதினாறு தலைகள் குறியோடு வரிசையாகத் தெரிந்தன.

"எப்பிடிலே ஒத்தையில ஏத்துன?" என்றார் பலவேசம்.

"நீ படுத்துட்டா வேல படுத்துருமா? ஓவர்சியர் சித்திரைக்குள்ள முடிக்கணும்னு குதிக்காரு. கூலியாளுகள வச்சிச் சமாளிச்சிட்டேன், போ" என்றான் குத்தாலிங்கம்.

பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கை என்று ஒன்று இருக்கிறதே. தன்னையறியாமல் ஒரு தலையைச் சுத்தியலால் தட்டியது. 'டொக்' என்றது. நீளக்கல் என்றால் கணீரென்று பேச வேண்டும். சாந்து இன்னும் ஈரமாக இருக்கும், காய்ச்சலில் காதும் அடைத்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டியதை அவன் பார்த்திருப்பானோ என்று வெட்கப்பட்டு, சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பாவம் மனுஷன், வெட்கப்பட வேண்டியவன் அங்கே நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு இன்னும் ஒரு ஆனந்தம் காத்திருந்தது. கொல்லை வாசலிலிருந்து கிணற்றடி வரை, எப்போதும் சகதியாகக் கிடக்கும் வழியில், எட்டுக் கல் பாவியிருந்தது. முந்தின வருஷம் உலகம்மாள் குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்ட இடம் அது.

"காய்ச்சல்ல உங்களுக்கு நெனவே இல்ல. குத்தாலிங்கம் அண்ணாச்சி வண்டியில போட்டு அனுப்பிச்சாவ. மிச்சக் கல்லாம். அவ்வோளே வந்து பதிச்சிட்டும் போனாவ" என்றாள் உலகம்மாள். கூடப் பிறந்தவன் கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று இரண்டு பேரும் அன்று பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் ஊற்றியது. ஐந்தாம் நாள் காலையில் தாங்குசுவர் சரிந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். பலவேசம் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.

விழுந்தது முகப்பு மட்டும்தான். அதாவது பலவேசத்தின் பக்கம். குத்தாலிங்கத்தின் பக்கம் மலைமண்ணில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றது. நடுவில் தண்ணீர் இறங்கி, சல்லி ஊறி, பிடித்து இழுக்க ஆளில்லாத முன்வரிசையை வெளியே தள்ளியிருந்தது. சாய மண் இருந்தது பின்வரிசைக்கு, முன்வரிசைக்கு என்ன இருந்தது? ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா?

குத்தாலிங்கம் முன்பே வந்திருந்தான். ஓவர்சியரிடம் கையைக் கட்டிக்கொண்டு, "எம் பக்கம் நிக்குது, பாத்துக்கிடுங்கய்யா. நான் வேற ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பலவேசத்தின் காதில் அது தெளிவாக விழுந்தது.

அவர் சேற்றில் இறங்கி, குறி போட்ட தலை ஒன்றைத் தேடிப் பிடித்துப் புரட்டினார். ஒரு முழம்கூட இல்லை. ஒரு நுனியில் குறி. மறுநுனியில் ஆப்பு வைத்துப் பிளந்த பொக்கைக் குழிகள். இன்னொன்றைப் புரட்டினார். அதுவும் அரைக்கல். பதினாறையும் புரட்டினார், பதினாறும் அரைக்கல். பதினாறு முழுக்கல் போக வேண்டிய இடத்தில் எட்டுக் கல்லை உடைத்துப் பதினாறு தலை செய்திருக்கிறான். மீதி எட்டு எங்கே என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. கற்களை மேட்டில் அடுக்கி வைத்துவிட்டு, ஓவர்சியரிடம், "நாளைக்கு வாரேன்யா. வந்து ஒவ்வொண்ணா காட்டுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

கொல்லையில் கால் கழுவக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மழை, பாவிய கற்களின் ஓரத்து மண்ணை அரித்திருந்தது. முதல் கல்லின் நுனியில் சிலுவைக் குறி. இரண்டாவதிலும் குறி. கிணற்றடி வரைக்கும் எட்டுக் கல்லிலும் குறி. ஏழு மாதமாக அவர் மிதித்து நடந்த கல்.

அந்த ஈரவேட்டியோடு இலஞ்சிக்குப் போனார். குத்தாலிங்கம் மறைக்கவே இல்லை.

"ஆமா, ஒடைச்சேன். நீ படுத்துட்ட. முழுக்கல்ல ஒத்தையில தூக்கி வைக்க நான் என்ன பீமனா? கூலியாளு ஒருத்தனுக்கும் வைக்கத் தெரியலை. அரைக்கல்லுன்னா ஒருத்தன் வச்சிரலாம்."

"எட்டையும் எங்கிட்ட எதுக்குலே அனுப்புன?"

"ஒம் பொண்டாட்டி வழுக்குதாளேன்னுதான். எம் வீட்டுல ஒரு கல்லு கெடக்கா, நீயே பாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "போயி ஓவர்சியர்ட்ட சொல்லேன். மிச்சக் கல்லு எங்கலேன்னு கேப்பாரு. என்ன சொல்லுவ?"

அப்போதுதான் பலவேசத்துக்கு எல்லாம் புரிந்தது.

"நீ எனக்குக் கல்லு தரலைலே. எங்கிட்ட ஒளிச்சி வச்சிருக்க."

பதினேழு வருஷம் ஒரே சட்டியில் கை வைத்தவன், முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் பலவேசம் மோசமான கொத்தனார். வாயைத் திறந்தால் திருடன். மறுநாள் காலை அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். உலகம்மாளும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூட நின்றாள். "இந்தக் கல்லு மேல நின்னு, அண்ணாச்சி கொலம் நல்லாருக்கணும்னு தெனமும் கும்பிட்டேனே. என்னப் போல ஒரு கிறுக்கி உண்டுமா?" என்று அழுதுகொண்டே நெம்பினாள். எட்டையும் பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றி, ஊர் பார்க்கப் பட்டப்பகலில் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் ஓவர்சியர் முன்னால் இறக்கினார். அரைக்கற்களையும் முழுக்கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

ஓவர்சியருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அவரே பிரம்பால் தொட்டு எண்ணிச் சரி என்று ஒப்புக்கொண்ட சுவர் அது. பலவேசம் சொல்வது உண்மை என்றால் அவருடைய வேலைக்கும் வேட்டு.

"சரிஞ்சது உன் பக்கம். கல்லு இருந்தது உன் வீடு. ஜமீன்ல தெரிஞ்சா போலீசுக்குப் போயிரும். பேசாம போயிரு" என்றார்.

பலவேசம் போய்விட்டார். சுவரைத் திரும்பக் கட்டும் வேலை குத்தாலிங்கத்துக்குக் கிடைத்தது, பின்னால் பங்களாவும் அவனுக்குத்தான். பிறகு பலவேசத்தோடு ஜோடி சேர எத்தனையோ பேர் கேட்டார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பண்ணையார், "நல்ல ஆளாத் தாரேனே, எதுக்குக் கெடந்து சுத்துதீரு?" என்றார். "நல்ல ஆளுதான். எனக்குத்தான் நம்ப ஏலலை" என்றார் பலவேசம். தொழுவமும் மாட்டுக்கொட்டிலும் தோட்டத்து மதிலுமாக அவர் காலம் ஓடியது. பேர் சொல்ல ஒரு கட்டடம் அமையவே இல்லை.

நாற்பத்தாறாம் வருஷம் ஆடிச் சாரலில் அருவியில் குளிக்கப் போனபோதுதான் பலவேசம் அந்தச் சுவரை மறுபடியும் கிட்டப் பார்த்தார். பதினோரு மழையைத் தாண்டி ஒரு நூல் வயிறு தள்ளாமல் நின்றது. யாரோ ஒரு ஆள் தன் வீட்டாருக்கு, "இலஞ்சிக் குத்தாலிங்கம் கட்டுனது. பாறை மாதிரி நிக்கும்" என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் நகர்ந்ததும் பலவேசம் கிட்டப் போனார். இடுப்பு உயரத்தில் அடுத்தடுத்து எட்டுத் தலைகள். உலகம்மாள் குடத்தோடு நடந்த கற்கள். ஒன்றின் குறியில் கடப்பாரை பட்டுச் சில்லுப் பெயர்ந்த இடம்கூடத் தெரிந்தது.

எங்கே போனாலும் மடியில் இருக்கும் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். முதல் கல் கணீரென்றது. எட்டும் கணீரென்றன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு கல் தப்பில்லாமல், சுவரின் முதுகு வரை போய்ப் பிடித்திருந்தன. வேலை தெரியாதவன் கட்டியது அல்ல. ஆள் இல்லாமல் கட்டியதும் அல்ல. தன் ஒருவன் பேரில் நிற்கப்போகிற சுவர் என்றதும் அவனுக்கு எல்லாம் ஒழுங்காகச் செய்ய முடிந்திருக்கிறது.

பலவேசம் சுத்தியலை மடியில் செருகிக்கொண்டு, குளிக்காமலே மேலகரத்துக்கு நடந்தார்.