லுகெம்பேயின் இடப்பக்கம்

ஏரிக்கரை நகரமான ம்வான்சாவில் ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் பார்ப்பவர்களில் லுகெம்பேயைத் திட்டாதவர்கள் குறைவு. இருபது வருடமாக இகோமா மைதானத்தில் விசில் ஊதியவர் அவர். வாரத்தில் ஆறு நாள் சைக்கிள் பழுது பார்ப்பார். ஏழாம் நாள் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊராரிடம் வசவு வாங்கப் போவார். வீட்டுக்கு வந்ததும், அன்றைக்குப் புதிதாக வந்த வசவுகளை மனைவி மின்ஸாவிடம் ஒப்பிப்பார். மின்ஸா ஏரிக்கரைச் சந்தையில் மீன் பொரித்து விற்பவள். "இவ்வளவுதானா? இதைவிட நல்லா நானே திட்டுவேனே" என்பாள்.

அவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரை இருந்தது. போடுவதுதான் இல்லை. "தொண்ணூறு நிமிஷம் ஓடுறவனுக்கு எதுக்கு மாத்திரை, கிஜாம்மா?" என்பார். கிஜா அவர்களுடைய ஒரே மகள்; ஷின்யாங்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள்.

நாற்பத்தெட்டாவது வயதில், இரண்டாம் பாதி ஆட்டத்தில், விசில் அவர் வாயிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனார். இடது கால் கூடவே வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. "நடுவர் குடிச்சிட்டு வந்திருக்கார்டோய்!" என்று கூட்டம் சிரித்தது. அவர் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தது. முதலில் ஓடி வந்தவன் கோல்கீப்பர் சொஸ்பேட்டர். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவனுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியிருந்தார். அவன்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினான்.

மூளையின் வலப்பக்கம் போகும் பெரிய இரத்தக் குழாயில் அடைப்பு என்று மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. அன்று மாலை மின்ஸா கட்டிலருகே நின்றபோது லுகெம்பே குழறிக் குழறிப் பேசினார். "சொஸ்பேட்டர்... என்னைத் தூக்கிட்டு வந்தான். அட்டைய... திரும்ப வாங்கிக்க மாட்டேன்." மின்ஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பேசுகிறார், இனிப் பயமில்லை என்று வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினாள்.

மறுநாள் காலை அந்தக் கஞ்சியைக் குடிக்க அவர் கண் திறக்கவில்லை. தலை வலிக்கிறது என்று முனகினார், வாந்தி எடுத்தார், மறுபடி தூங்கினார். உலுக்கினாலும் எழவில்லை. செவிலி அவருடைய இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு நடக்கவில்லை, ஓடினாள்.

இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மாகெசா மின்ஸாவையும் லுகெம்பேயின் தம்பி ஷிஜாவையும் வராந்தாவில் உட்கார வைத்துப் பேசினார்.

"ரத்தம் போகாத இடம் தண்ணி கோத்து வீங்குதும்மா. வேற எங்க வீங்கினாலும் தோல் இழுத்துக்கிட்டு இடம் குடுக்கும். மண்டையோடு குடுக்காது. அதனால நல்லா இருக்கிற பாகத்தையும் சேத்து நசுக்குது. கெட்டுப்போன இடத்துல கொஞ்சம் ரத்தமும் கசிஞ்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்க நேத்து குடுத்த மாத்திரைய அதனாலதான் நிறுத்திட்டோம்."

"இப்ப என்ன செய்யணும்?" என்றாள் மின்ஸா.

"வலது பக்க எலும்பை ஒரு கை அகலத்துக்கு எடுக்கணும். மூளை வீங்க வழி விடணும். எடுத்த எலும்பை அவர் வயித்துத் தோலுக்கு அடியில வெச்சுத் தெச்சிடுவோம். வீக்கம் வத்தினதும் திரும்ப எடத்துல பொருத்தலாம்."

ஷிஜா எழுந்துவிட்டான். "மண்டை எலும்பை வயித்துலயா? அண்ணி, வேணாம். அண்ணனை வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். முழுசா இருக்கட்டும்."

மின்ஸா டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்கு என்னை அடையாளம் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது. உயிர் பிழைச்சாலும் இடது கை, கால் பழையபடி வராது. அதை இப்பவே சொல்லிடறேன். இன்னிக்கே செஞ்சாகணும்."

"கை வரலேன்னா போகட்டும். திட்டு வாங்க ஆள் இருக்கணும் எனக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?"

ஷிஜா கோபித்துக்கொண்டு வெளியே போனான். இரத்தம் வேண்டும் என்று தெரிந்ததும் திரும்பி வந்து, சொஸ்பேட்டருக்குப் பின்னால் வரிசையில் நின்று கையை நீட்டினான்.

அறுவை முடிந்து ஒன்பது நாள் கழித்து லுகெம்பே தெளிவாகக் கண் திறந்தார். ஷின்யாங்காவிலிருந்து வந்திருந்த கிஜா குளிக்கப் போயிருந்தாள். மின்ஸா கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, உயிரில்லாத அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் வலப்பக்கம் நின்ற செவிலியிடம் கேட்டார்:

"கிஜாம்மா வரலையா?"

மின்ஸா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "இங்கதான இருக்கேன்" என்றாள். குரல் வந்த திசைக்கு அவர் திரும்பவே இல்லை. வலப்பக்கம், சுவரில் தேடினார். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். அவர் முகம் மலர்ந்தது.

"எங்க போயிருந்த இவ்வளவு நேரம்?"

செவிலி அவளைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "கண்ணு நல்லாத்தான் இருக்குக்கா. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே அவர் மூளை மறந்துபோச்சு. தட்டுல வலது பாதி உகாலிக் களியத் தின்னுட்டு, முடிஞ்சிடுச்சும்பாரு. நீ இடப்பக்கமே உக்காரு. அங்கேர்ந்தே பேசு. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்புவார்."

தன்னைத் தெரியாத பக்கத்தில் போய் உட்காருவது எளிதாக இல்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். சந்தைக் கதை சொன்னாள், தாய்மொழியான சுகுமாவில் ஆசை தீரத் திட்டினாள், அந்தக் கையை எடுத்து அவர் கன்னத்தில் வைத்து, "இது யார் கை, சொல்லு" என்றாள். முதல் நாள் அவர், "ஷிஜாவோடது" என்றார். நாலாவது நாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னோடதுன்னு நீ சொல்ற" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கி வயிற்று மேட்டைக் காட்டினார். "மூளைதான் இல்லேன்னு கத்துவீங்களே, மண்டையே இங்க இருக்கு, பாருங்கடா." நாலு மாதம் கழித்து எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். அதற்கு அடுத்த மாதம் இரண்டு முறை வலிப்பு வந்தது. அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மின்ஸா தண்ணீர்க் குவளையோடு எதிரே நின்று, வாயைத் திறந்து நாக்கைக் காட்டச் சொல்லித்தான் விடுவாள்.

இடது கை விரியவில்லை. நடையில் ஒரு காலை இழுப்பார். கதவு நிலையில் இடது தோள் மோதிக்கொள்ளும். சைக்கிள் கடையை ஷிஜா பார்த்துக்கொள்கிறான். இவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் செய்வதெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் மருத்துவமனைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்தார்கள். மின்ஸா வழக்கம்போல அவருடைய இடப்பக்கம் நின்றாள். வெயில் அதிகம், பேசவில்லை. லுகெம்பே மெல்ல இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினார். யாரும் கூப்பிடவில்லை.

"கிஜாம்மா, காதுல ஒரு தோடு மட்டும் போட்டிருக்க."

அவள் தடவிப் பார்த்தாள். ஆமாம், அவர் பக்கத்துக் காதில் ஒன்றுமில்லை. எங்கே விழுந்தது என்று தேடவும் தோன்றாமல் அப்படியே நின்றாள்.