யாழினியின் இடது காதும் சுசீலா டாக்டரும்

சுசீலா டாக்டர் இறந்துபோய்விட்டார் என்று கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண் போனில் சொன்னபோது, வேறு வேலையாகக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறியிருந்த நான் இறங்கிவிட்டேன். துக்கத்துக்கு முன்னால் வந்தது பயம். என் தங்கை மகள் யாழினியின் இடது காதை இந்த மாதம் மறுபடி பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

மைசூரில் அவரிடம் காது காட்டாத வீடே கிடையாது. மருந்துக் கடையில் பன்னிரண்டு வருடம் நின்ற நானே, எனக்குத் தெரியாத மாத்திரை இந்த ஊரில் இல்லை, அவரிடம்தான் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழினிக்கு ஒன்றரை வயதில் இரண்டு காதிலும் சீழ் வந்தது. நின்றது, திரும்பவும் வந்தது. ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். அதற்கும் திரும்பவில்லை.

டாக்டர் காதைப் பார்த்துவிட்டு, "பால் குடிச்சதும் கக்குதுங்களா?" என்றார்.

"காதுக்கும் வயித்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்றேன்.

"அண்ணா, ஸ்வல்ப சும்மா இரு," என்று கன்னடம் கலந்து அடக்கினாள் தங்கை.

"பாதி டாக்டரே, உக்காருங்க," என்றார் டாக்டர். "மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்கு ஒரு குழாய் போகுது. வயித்துப் புளிப்பு மேல ஏறுனா, சில குழந்தைங்களுக்கு அது வீங்கி அடைச்சுக்கலாம். இவளுக்கும் அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். படுக்கப் போட்டுப் பால் குடுக்கறது யாரு?"

நான்தான். தங்கை வேலைக்குப் போனதும், குழந்தை குண்டாகட்டும் என்று காலில் மல்லாக்கக் கிடத்தி, கக்கினால் இன்னொரு புட்டியும் கொடுப்பேன்.

"காதுல என்ன ஊத்துனீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் தங்கையை மருந்து வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "இடது காது ஜவ்வுல ஓட்டை இருக்குதுங்க. இப்பச் சொல்லுங்க."

பூண்டு காய்ச்சிய எண்ணெய், நான்கு நாள், என்றேன். அவர் திட்டவில்லை.

"என்கிட்ட எவ்வளவு வேணாப் பெருமை பேசுங்க, பொய் மட்டும் வேண்டாம். தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

பால் கொடுத்ததும் தோளில் நிமிர்த்திப் போடப் பழகினேன். கக்குவது குறைந்தது. வலது காது தேறியது. இடது காதைப் பற்றிக் கேட்டால், "பொறுங்க," என்பார்.

தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அது தெரிந்த ஒருவரும் போய்விட்டார். நாளைக்கு யாழினியைக் காட்டப்போகும் புது டாக்டர், காதில் என்ன ஊற்றினீர்கள் என்று அதே கேள்வியைக் கேட்பார். தங்கை பக்கத்தில் இருப்பாள். என் வாயை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் எண்ணெய் என்றுதான் சொல்வேன். சுசீலா டாக்டரிடம் பொய்யில்லாமல் சொன்ன அந்த ஒரு பதிலைத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.