ஜெனிட்டாவின் குதிகால்

1. கரண்டு வைக்கிற ரூம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பிசியோதெரபிஸ்ட்டாக நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எண்பதுகளின் பின்பாதி. முதல் நாள் என்னை ஒரு பழைய கார் ஷெட்டுக்குள் அழைத்துப் போய், "இதாம்மா உங்க டிபார்ட்மெண்ட்" என்றார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மெழுகுத் தொட்டி, உஷ்ணம் கொடுக்கும் மெஷின் ஒன்று. பேஷண்டுகளுக்கு அது கரண்டு வைக்கிற ரூம். நான் கரண்டு வைக்கிற அம்மா.

நர்சிங் ஹோமை நடத்தியவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். வேலையில் பெரியவர் என்று அர்த்தமில்லை. கட்டடம் அவருடைய மாமனாருடையது.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு காலையில் அந்தோணி என்கிற பெயிண்டர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சட்டை முழுக்க ரத்தம். இரும்புலியூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் கேரியரில் வைத்து அழைத்துப் போயிருக்கிறார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் வண்டியை ஒடித்திருக்கிறார். பெண்ணின் இடது கால் பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. பெயர் ஜெனிட்டா. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு.

குதிகால் தோல் மடல்போல உரிந்து தொங்கியது. குதிகாலுக்கு மேலே ஓடும் தடித்த தசைநார் பாதி அறுந்திருந்தது. பெரிய டாக்டர் அன்று மாலையே ஆபரேஷன் செய்தார். தசைநாரைத் தைத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, பிளாஸ்டர் போட்டார். அதைப்பற்றி ஒரு வாரம் பேசினார். டீ குடிக்க வந்த மருந்துக் கம்பெனி ஆட்களிடம்கூடப் பேசினார்.

2. பிடிவாதம்

ஆறு வாரம் கழித்துப் பிளாஸ்டரை வெட்டி எடுத்தோம். பாதம் கீழே வளைந்து, நுனிவிரலில் நிற்கிற மாதிரி இருந்தது. தசைநார் சுருங்கினால் அப்படித்தான் இருக்கும். அதை இழுத்து, குதிகாலைத் தரைக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. விட்டுவிட்டால் அந்தக் கால் காலத்துக்கும் அப்படியே நின்றுவிடும்.

மெழுகு ஒத்தடம் கொடுத்தேன். இழுத்தேன். நிற்கச் சொன்னேன். குதிகால் தரையைத் தொட்டதும் ஜெனிட்டா வீறிட்டாள்.

"உள்ள குத்துது மிஸ்."

"குத்தாதும்மா. ஆறிடுச்சு பாரு."

"இல்ல மிஸ். உள்ள குத்துது."

தினமும் இதே பேச்சு. மற்ற பயிற்சிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். நிற்கச் சொன்னால் மட்டும் மாட்டாள். பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு பர்ஃபெக்ட். ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கல அதுக்கு. அப்பன் தூக்கிட்டே திரியறான், சுகம் கண்டுடுச்சு. ஒரு அடி குடு, நடக்கும்."

அடிக்கவில்லை. மற்றதெல்லாம் செய்தேன். "உன்னவிடச் சின்னப் பிள்ளைங்கள்லாம் நடக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்று திட்டினேன். அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் அந்தோணியைத் திட்டினேன். "நீங்க தூக்கித் தூக்கித்தான் இந்தக் கால் இப்படி ஆகுது" என்றேன். தன் சைக்கிளில் மகள் கால் போய்விட்டதே என்று ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த மனுஷன். தலையைக் குனிந்துகொண்டார்.

கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்க மறுக்கிறாள்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அழகான கையெழுத்து என்னுடையது. அதே வாக்கியத்தை ஆறு வாரம் எழுதினேன். படித்த முட்டாள்தனத்துக்கு எப்போதும் கையெழுத்து நன்றாக இருக்கும்.

3. டெய்லர் சொன்னது

ஒருநாள் அந்தோணிக்குப் பதிலாக அம்மா வந்தார். லூர்து மேரி. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் கம்பெனியில் டெய்லர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மகளைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க கொஞ்சம் பாருங்க."

குதிகாலின் உட்பக்கம், ஒட்டுத்தோலின் ஓரத்தில், நீலப் பேனாவால் ஒரு புள்ளி.

"மூணு நாளா வெக்கிறேன். கழுவிட்டு, கொயந்த கண்ணக் கட்டி, எங்க குத்துதுன்னு வெரல வெக்கச் சொல்றேன். அதே எடத்துலதான் வெக்கிது. பொய் சொல்ற கொயந்தைக்கு எடம் மாறிப்போவும் மேடம்."

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லம்மா. டாக்டர் பார்த்துட்டாரு."

லூர்து மேரி குரலை உயர்த்தவில்லை.

"எங்க கம்பெனில மெஷின் ஊசி ஒடஞ்சா அல்லாத் துண்டையும் பொறுக்கி ஒட்டிக் காட்டணும். ஒரு பொடி கொறஞ்சாலும் அந்தத் துணிய வெளிய வுட மாட்டாங்க. இன்னாத்துக்குன்னா, போட்டுக்கிறவங்கள உள்ள இருந்து குத்தும். எம் பொண்ணு காலு அந்தச் சட்டைய வுட மட்டமா?"

பென்சிலின் மழுங்கிய முனையால் குதிகாலைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்தினேன். ஜெனிட்டா சும்மா இருந்தாள். புள்ளியில் அழுத்தியதும் கால் முழுவதும் துள்ளியது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கத்தவில்லை. கத்திப் பிரயோஜனமில்லை என்று அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

வலிக்கிற இடத்தை அழுத்திப் பார்ப்பது முதல் வருஷ மாணவிக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். அந்தச் சோதனையை நான் அன்றுதான் செய்தேன்.

பெரிய டாக்டரிடம் போனேன். உள்ளே ஏதாவது தங்கியிருக்கலாம் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். அம்மா சொன்னார், நானும் பார்த்தேன் என்றேன்.

"டெய்லரா? அப்ப இனிமே ஆபரேஷன் தியேட்டர்ல அவங்களையே தைக்கச் சொல்லலாமே."

பக்கத்தில் நின்ற ரிசப்ஷனிஸ்ட் சிரித்தாள். அவர் சொல்லும் எதற்கும் சிரிப்பது அங்கே வேலையின் ஒரு பகுதி.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இரும்பு தெரியும். மரச்சிராய் தெரியாது, பிளாஸ்டிக் பெரும்பாலும் தெரியாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மறந்துபோக விரும்பினார், அவ்வளவுதான்.

4. மின்சார ரயிலில்

ஒரு வெள்ளைத் தாளில், உள்ளே அந்நியப் பொருள் இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு லூர்து மேரியிடம் கொடுத்தேன். நர்சிங் ஹோம் லெட்டர்ஹெட்டில் எழுதவில்லை. என் வீரம் அந்த அளவுதான். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு மறுநாள் அவர்களுடன் நானும் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். அந்தோணி வழியெல்லாம் மகளை மடியில் வைத்திருந்தார். இந்தத் தடவை நான் திட்டவில்லை.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரி. எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. அங்கிருந்த சர்ஜன் நின்றுகொண்டே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். என் சீட்டைப் படித்தார். காலைத் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளி யார் வச்சது?"

"நாந்தாங்க" என்றார் லூர்து மேரி.

"நல்லா வச்சிருக்கே."

கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கால் துள்ளியது. "அட்மிஷன் போடு" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெரிய டாக்டர் மூன்று மாதமாகப் பார்க்காததை அவர் பார்க்க எடுத்துக்கொண்டது பிஸ்கட் தின்கிற நேரம்.

இரண்டு நாள் கழித்து அந்த இடத்தைத் திறந்தார்கள். உள்ளே பாதியாக உடைந்த ஒரு பச்சை பிளாஸ்டிக் மணி. அப்போது சைக்கிள் சக்கரக் கம்பிகளில் கலர் கலராக மணி கோப்பது வழக்கம். சக்கரம் சுற்றும்போது சலசலவென்று சத்தம் வரும். ஜெனிட்டா ஆசைப்பட்டாள் என்று அந்தோணிதான் வாங்கிக் கோத்திருக்கிறார். மணி வெளியே வந்த அன்று அவர் வீட்டுக்குப் போய், கட்டிங் பிளேயரை எடுத்து ஒவ்வொரு மணியாக நசுக்கிக் கழற்றினாராம். "ரெண்டு நாளு எங்க வூட்டுக்காரு சோறே துன்னல மேடம்" என்றார் லூர்து மேரி.

எங்கள் தியேட்டர் நர்ஸ் அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார். முதல் ஆபரேஷன் அன்று பெரிய டாக்டருக்கு ஒரு கல்யாண ரிசப்ஷன் இருந்ததாம். காயத்தை இன்னும் கழுவலாமா என்று இவர் கேட்க, "போதும், மூடு" என்றாராம். நர்ஸ் நல்லவர். நானும் நல்லவள். நல்லவர்கள் நிறையப் பேர் சேர்ந்துதான் அந்தக் குழந்தையைப் பிடிவாதக்காரி ஆக்கினோம்.

5. நியூஸ் பேப்பர் அடுக்கு

தையல் பிரித்தபின் ஜெனிட்டா மறுபடி என்னிடம் வந்தாள். குத்தல் போய்விட்டது. ஆனால் வீணாய்ப்போன வாரங்களில் தசைநார் நன்றாகச் சுருங்கியிருந்தது. பழைய நியூஸ் பேப்பர்களை மடித்துக் கனமாக அடுக்கி அவள் குதிகாலுக்குக் கீழே வைத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு பேப்பரை உருவ வேண்டும். குதிகால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வரும்.

முதல் நாளே அவளிடம், "மிஸ் உன்னத் திட்டினது தப்பு" என்றேன்.

"நீங்க மட்டுமா திட்டுனீங்க?" என்றாள். மன்னித்தாளா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிடிவாதம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. வலித்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து எண்ணுவாள். சில நாள் நான் சொல்லும் முன்பே பேப்பரை உருவிவிடுவாள். மூன்று மாதம் ஆயிற்று. கடைசிப் பேப்பரை உருவிய அன்று அந்தோணி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூக்கட்டா கண்ணு?"

"நீ அங்கயே நில்லுப்பா."

சிமெண்டுத் தரையில் குதிகால் படிந்தது. ஷெட்டின் அந்த முனை வரை நடந்து போனாள். திரும்பி வந்தாள். அந்தோணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் இடது கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் மெலிந்தே இருந்தது. நடையில் குறை இல்லை.

பெரிய டாக்டர் அதன்பின் எங்களையும் அழைத்துப்போய் ஒரு கிளப் கூட்டத்தில் இந்தக் கேஸைப் பற்றிப் பேசினார். ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பினாராம். மேடையிலிருந்து என்னைப் பார்த்து, "என்னம்மா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். வேலை போய்விடுமே என்று நானும் தலையாட்டினேன். அதற்குச் சால்வை போர்த்தினார்கள், அவருக்கு.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களிடம் எவ்வளவோ மெஷின்கள் இருக்கின்றன. படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமல் பேசுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அவர்கள் பேச்சு பெரிய டாக்டரின் பேச்சைவிட இன்னும் நாகரிகமாக இருக்கிறது, அதுதான் வித்தியாசம். ஒரு குழந்தை வலிக்கிறது என்றால் எங்கே என்று கேளுங்கள். அது காட்டுகிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அதற்குப் பத்து விநாடி போதும். எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.