நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு விளக்குமாறு

நான் ஒரு மடையன். இதை என் மனைவி சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே முந்திக்கொள்வது எனக்கு மரியாதை. ஐம்பத்தெட்டு வயதில், சம்பந்தம் பேசப்போன இடத்தில், ஒரு ஜெர்மன்காரரின் வியாபாரத்தை அவருக்கே தெரியாமல் ஒரு பின்னேரம் முழுக்க முடக்கி வைத்தவன் நான். அதுவும் சகுனம் பார்த்து!

எங்களுக்கு ஒரே மகள், துஷி. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பிறந்து வளர்ந்தவள், ஜெர்மனிக்குப் படிக்கப்போன இடத்தில் யோனாஸ் என்ற பெடியனை விரும்பிவிட்டாள். அவனுடைய குடும்பம் நெக்கார் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் திராட்சை வளர்த்து வைன் செய்கிறது. மனைவி சாந்திக்கு முழங்காலில் ஒபரேஷன். ஆகவே துஷியோடு தூது போனது நான். வெளிக்கிடும்போது வாசலில் வைத்துக் கட்டளை வந்தது: “கலியாணம் முடிய ரெண்டு பேரும் லண்டனிலதான் இருக்கவேணும் எண்டு கேளுங்கோ. கேட்டு, ஓம் எண்ட பதிலோட வாங்கோ. கண்டதையும் கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ.”

ஊரைக் கண்டதும் கட்டளையில் பாதி பறந்துவிட்டது. ஆறு நேரே போக மனமில்லாமல் ஊரைச் சுற்றி வளைந்து, திரும்பி, வந்த பக்கமே போகிறது. அந்த வளைவுக்குள் ஒரு தெரு, ஒரு தேவாலயம், சிவப்பு ஓட்டு வீடுகள். முதுகுப் பக்கம் செங்குத்தான மலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் கிழடான எனக்கு மலை என்றால் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு ஏறுகிற மேடுதான். இங்கேயோ மலை முழுக்கப் படி வெட்டி, படிக்கொரு கல்மதில் கட்டி, மதிலுக்கு மேலே இரண்டு வரிசை திராட்சை! நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். துஷி வந்து “அப்பா, வாயை மூடுங்கோ, ஈ போகும்” என்றாள்.

யோனாஸின் வீட்டுக்கு வந்தால், வாசல் வளைவுக்கு மேலே பெரிய விளக்குமாறு ஒன்று, சிவப்பு ரிப்பன் கட்டி, தெருவைப் பார்த்துத் தொங்கியது. சம்பந்தம் பேசக் காலெடுத்து வைக்கிற வீட்டில் விளக்குமாறா முன்னுக்கு நிற்பது? பாவம், இந்தச் சனத்துக்குத் தெரியாது. வீட்டுக்காரர் எல்லாரும் உள்ளே வேலையாக இருந்தார்கள். நான் வாசலோரம் கிடந்த நீள வாங்கில் ஏறி அதைக் கழற்றி, களஞ்சியக் கதவுக்குப் பின்னால், தும்பு கீழே இருக்கும்படி ஒளித்துவைத்தேன். பிறகு முகம் கழுவி, திருநீறு பூசி, முற்றத்தில் ஒரு நல்ல மனிதனாக உட்கார்ந்தேன்.

மேசைகள் விரித்திருந்தார்கள். யோனாஸின் தாய் ஹெல்கா தட்டுத்தட்டாக வெங்காயக் கேக் சுட்டு அடுக்கியிருந்தார். ஆனால் ஒரு குருவிகூட வரவில்லை. ஆற்றோரப் பாதையால் சைக்கிளில் வந்தவர்கள் வாசலை நிமிர்ந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போய்விட்டார்கள். நான் அவர்களுக்குச் சந்தோஷமாகக் கைகாட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தேன். யோனாஸின் தகப்பன் கார்ல், அதிகம் பேசாத மனிதர், நாலு தரம் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஐந்து மணிக்கு துஷி ஓடிவந்தாள். “அப்பா, வாசலில இருந்த விளக்குமாறு எங்க?”

“நான்தான் கழட்டினனான். நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறம்...”

“ஐயோ! அதுதான் இவையின்ர போர்ட். அது தொங்கினாத்தான் கடை திறந்திருக்கு எண்டு சனத்துக்குத் தெரியும். வருசத்தில கொஞ்ச நாள்தான் வீட்டில வச்சு வைன் விக்க விடுவினம்!”

துஷி மொழிபெயர்த்துச் சொல்ல, கார்ல் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. விளக்குமாறை எடுத்துவந்து என் கையில் தந்து, வாங்கைக் காட்டினார். ஏறினேன். மாட்டினேன். ஹெல்கா சிரித்துச் சிரித்து ஏலாமல் படியில் இருந்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் முற்றம் நிறைந்தது. வந்த ஒவ்வொரு மேசைக்கும் கார்ல் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, மேசை குலுங்கியது. இந்த ஊர் வரலாற்றில் ரோமர்கள், துறவிகள் எல்லாம் உண்டாம். இப்போது நானும் உண்டு.

அந்த நிலைமையில் “உங்கட மகனை லண்டனுக்கு அனுப்புங்கோ” என்று எந்த வாயால் கேட்பது?

அடுத்த நாள் கேட்கலாம் என்று மலையேறினேன். மழைக்கு ஒரு மதில் சரிந்திருந்தது. கார்லும் யோனாஸும் சீமெந்து இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு நானும் கல் தூக்கினேன். ஒரு கல்லில் சிப்பி! இந்த மலை ஒருகாலம் கடலடியில் கிடந்ததாம். நான் துள்ளிவிட்டேன். எங்கள் யாழ்ப்பாணமும் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தானே! யோனாஸ் மொழிபெயர்த்துச் சொன்னதும் கார்ல் முதல்தரம் என்னை மதிப்போடு பார்த்தார். மதில் வரிசையைத் துறவிகள் தொடக்கினார்களாம். தகப்பன் செத்தால் ஆண் பெண் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு, அதனால் மலை ரிப்பன் ரிப்பனாகத் துண்டுபட்டதாம். “அப்ப வேலிச் சண்டை?” என்று எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஆவலாகக் கேட்டேன். வேலியே இல்லை, எல்லைக்கல்தானாம். வேலியில்லாமல் அயலவரோடு என்னத்தைக் கதைப்பது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

கார்லின் பங்கு இனித் துண்டுபடாது. அவருக்கும் ஒரே பிள்ளைதான். யோனாஸ் போனால் இந்த மதிலைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. அது விளங்கிய பிறகு என் வாய்க்குள்ளும் கல்தான். கேட்காமலே வந்துவிட்டேன்.

“கல்லுத் தூக்கவோ உங்களை அனுப்பினனான்?” என்று சாந்தி ஒரு கிழமை கறியில் உப்புப் போடவில்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் போனை நிமிர்த்தி வைத்து, வீடியோவில் கார்லைப் பிடித்து, “இப்ப கேளுங்கோ” என்று பின்னால் நின்றாள். திரை நிறைய வெயிலும் ஆறும் படிப்படியான பச்சையும். மூலையில், முத்திரை அளவு சதுரத்துக்குள், எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நான். அந்த மலையின் ஓரத்தில் என்னை ஒட்டிவைத்தது போலிருந்தது. ஒட்டியது உரியுமோ என்று அசையாமல் இருந்தே, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: யோனாஸ் லண்டனுக்கு வருவானா?

கார்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நோ. யூ கம்.”